எண் 4417-ஐ அடித்து ஒழித்த விவரம்

ரூதாரெவோவில் அரசாங்கச் சாமான் எதையும் சும்மா தூக்கிப் போட முடியாது. அடித்துக் கொன்றுதான் போட வேண்டும். நாற்காலிக்கு ஒரு கால் உடைந்தால் மீதி மூன்று காலையும் ஐந்து பேர் பார்க்க உடைத்தாக வேண்டும். தட்டச்சுப் பொறி என்றால் மூன்றாம் மாடி ஜன்னல், திரைச்சீலை என்றால் தீ. எந்தக் கருவியால் அழித்தோம், எத்தனையாவது அடியில் முடிந்தது, யார் யார் நின்று பார்த்தோம் என்று அறிக்கை எழுதி, ஐந்து கையெழுத்தும் ஒரு வட்ட முத்திரையும் விழுந்த பிறகே அந்தச் சாமான் செத்ததாக அர்த்தம். அதுவரை அது உயிரோடு இருக்கிறது, தூசி தட்ட ஆள் வேண்டும்.

ஊரின் ஈயச் சுரங்கத்தை மூடி ஏழு வருஷம் ஆகிறது. சுரங்கத்தைத்தான் மூடினார்களே தவிர அதன் அலுவலகத்தை மூட யாருக்கும் மனசு வரவில்லை. சுரங்கக் கலைப்பு மற்றும் தொழிலாளர் பதிவேட்டு அலுவலகம் என்று புதுப் பலகை மாட்டி, பழைய ஆட்களையே உட்கார வைத்தார்கள். யார் எத்தனை வருஷம் பூமிக்கடியில் கிடந்தான் என்று சான்றிதழ் கொடுப்பது அதன் ஒரே வேலை. அந்த ஒரு வேலையைத் தவிர மற்றதெல்லாம் அங்கே ஒழுங்காக நடந்துவந்தது.

புரோதான் கராபெலொவ் அந்தச் சுரங்கத்தில் எலெக்ட்ரீஷியனாக ஒன்பது வருஷம் ஏழு மாசம் இறங்கியவன். சுரங்கம் மூடியதும் பத்திரிகைகளைப் படித்தே கம்ப்யூட்டர் ரிப்பேர் கற்றுக்கொண்டான். வயது நாற்பத்தேழு, நெஞ்சு நிறையக் கல்தூசி. அந்த அலுவலகத்தின் மாடிப்படி முப்பத்திரண்டு, பதினாறாவது படியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இருமினால்தான் மீதிப் பதினாறு. சான்றிதழ் கையில் வந்தால் அவனுக்கு முன்கூட்டியே ஓய்வும், மலைமேல் இருக்கிற நுரையீரல் ஆஸ்பத்திரியில் ஒரு படுக்கையும் கிடைக்கும். வராவிட்டால் அறுபது வயது வரை உழைக்க வேண்டும். அறுபது வரை நீ இருக்கமாட்டாய் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அவனோடு சேர்த்து இருநூற்றுப் பன்னிரண்டு பேர் இப்படிக் காத்துக்கிடந்தார்கள்.

அத்தனை பேர் வருஷங்களும் ஒரே ஒரு ஹார்டு டிஸ்க்கில் இருந்தன. காகிதப் பதிவேடுகள் இல்லையா என்று கேட்கலாம். இருந்தன. அவற்றை 1996-இல் கம்ப்யூட்டரில் ஏற்றி முடித்த மறுநாளே அழிப்புக் கமிட்டி கூடி, கோடாரியால் பிளந்து, முற்றத்தில் மூன்று நாள் எரித்தது. அந்த அலுவலகம் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் முடித்த வேலை அது ஒன்றுதான்.

அந்த டிஸ்க்கில்தான் சிக்கலும் இருந்தது. அன்றைக்கு இருந்த பழைய கம்ப்யூட்டருக்கு ஐந்நூறு மெகாபைட்டுக்கு மேல் எண்ணத் தெரியாது. வாங்கிவந்த டிஸ்க்கோ அதைப் போல நாலு மடங்கு. அதனால் டிஸ்க்கின் வாசலில் ஒரு சின்ன புரோகிராமை உட்கார வைத்தார்கள். எண்ணத் தெரியாத முதலாளிக்கு எண்ணிச் சொல்லும் கணக்கப்பிள்ளை மாதிரி அது ஆறு வருஷம் உழைத்தது. இப்போது புதுக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. அதற்குத் தானே எண்ணத் தெரியும். கணக்கப்பிள்ளையும் முதலாளியும் ஒரே நேரத்தில் எண்ண ஆரம்பித்தால் இரண்டு பேருக்குமே கணக்குத் தப்பும். ஆகவே டிஸ்க்கில் உள்ளதை முதலில் பிரதி எடுத்துக்கொண்டு, புரோகிராமை நீக்கிவிட வேண்டும். ஒரு மத்தியான வேலை.

புரோதானைக் கூப்பிட்டது இதற்குத்தான். அவன் நல்ல பிள்ளையாக அரைத்தாளில் எழுதிக் கொடுத்தான்: 'பழைய ஹார்டு டிஸ்க்கில் உள்ள, இனித் தேவைப்படாத புரோகிராமை நீக்க அனுமதி வேண்டும்.' தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொள்ள அரைத்தாள் போதும் என்பது அவனுக்கு அப்போது தெரியாது.

சாமான் பதிவேட்டுத் தலைவி ஸ்த்ராவ்கா பிஷ்தாலொவா தாளை இரண்டு முறை படித்தாள்.

"ஏம்ப்பா புரோதான், சாமான் பதிவேட்டுல இது எண் 4417. நீக்கணும்னா அழிக்கணும். பொருள் எங்க?"

"பொருள்னு ஒண்ணும் இல்ல மேடம். அது டிஸ்க்குக்குள்ள இருக்கிற புரோகிராம்."

"எண் போட்டிருக்கு. எண் போட்டிருந்தா பொருள்."

"அது வந்த பிளாப்பி இருக்கே, வேணும்னா அதை உடைச்சிரலாமா?"

"பிளாப்பி 4418. அது ஒரு பாவமும் பண்ணல, அதை எதுக்கு உடைக்கணும்? 4417 இப்ப டிஸ்க்குல குடியிருக்கு. எந்தக் கருவியால அழிப்ப?"

"கருவியே வேண்டாம் மேடம். ரெண்டு பட்டனைத் தட்டினா போயிரும்."

அவள் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, மேஜைக் கண்ணாடிக்கு அடியிலிருந்த பட்டியலை விரலால் தடவினாள். "சுத்தியல், கோடாரி, ரம்பம், தீ, அமிலம். கால்நடையா இருந்தா கத்தி. பட்டன் இதுல இல்ல."

புரோதான் சாது. சாதுக்களுக்கே உரிய ஒரு மடத்தனம் அவனுக்கும் இருந்தது. கண்ணால் பார்த்தால் புரிந்துகொள்வார்கள் என்று நம்பினான். மறுநாள் காலை, டிஸ்க்கில் இருந்த அத்தனை பேர் வருஷங்களையும் புதுக் கம்ப்யூட்டருக்குள் பிரதி எடுத்து வைத்தான். தன் பெயரைத் தேடிப் பார்த்தான். ஒன்பது வருஷம் ஏழு மாசம், ஒரு நாள் குறையாமல் இருந்தது. பிறகு ஸ்த்ராவ்காவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்து, அவள் கண்ணெதிரிலேயே பட்டனைத் தட்டினான். 'வெற்றிகரமாக நீக்கப்பட்டது' என்று திரையில் வந்தது.

"எங்க போச்சு?" என்றாள் ஸ்த்ராவ்கா.

"எங்கயும் போகல மேடம். இல்லாம போயிருச்சு."

"அரசாங்கச் சொத்து எங்கயும் போகாம இல்லாம போகாது. யாராவது எடுத்தாத்தான் போகும். இங்க நீ மட்டும்தான் பட்டனைத் தொட்ட."

கால் மணி நேரத்தில் போலீஸ் சார்ஜெண்ட் வந்தார். நல்ல மனுஷர், வழியில் வாங்கிய பனித்சாப் பலகாரத்தை முழுதாகச் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் அடித்தார். எண்ணெய்க் கையால் இடது கன்னத்தில் ஒன்று, வலது கன்னத்தில் ஒன்று. முதல் அறை திருட்டுக்கு, இரண்டாவது திருட்டுப் பொருளை மறைத்ததற்கு என்று விளக்கமும் சொன்னார்.

"எங்கடா ஒளிச்சு வச்சிருக்க 4417-ஐ?"

"சார், பிளாப்பியில இன்னொரு பிரதி இருக்கு. வேணும்னா திரும்பப் போட்டுத் தர்றேன்."

"பாத்தீங்களா மேடம்?" என்றார் சார்ஜெண்ட் பெருமையோடு. "ரெண்டே அறை. சாமான் வெளிய வந்திருச்சு."

இப்படியாக, நீக்க வேண்டிய புரோகிராமை நீக்கிய குற்றத்துக்காக, அதை முறைப்படி நீக்குவதற்கு வசதியாகப் புரோதான் மறுபடியும் டிஸ்க்கில் ஏற்றிக் கொடுத்தான். உதட்டு ரத்தம் கீபோர்டில் சொட்டியது. கீபோர்டைத் துடைத்துவிட்டுப் போகும்படி ஸ்த்ராவ்கா சொன்னாள்.

அடுத்த வாரம் கமிட்டி கூடியது. இயக்குநர் எஞ்சினியர் எவ்ஸ்தாதி பால்தொவ் தலைவர், ஸ்த்ராவ்கா செயலாளர். பழைய சுரங்கத்தின் தீயணைப்புத் துறையிலிருந்து ஒருவர், தொழிற்சங்கத்திலிருந்து ஒருவர், சுகாதார இன்ஸ்பெக்டர் ஒருவர். 4417-ஐ டிஸ்க்கிலிருந்து கையால் பிரித்தெடுக்க முடியாது என்பதால் டிஸ்க்கோடு சேர்த்தே அடிப்பது என்று பத்து நிமிஷத்தில் முடிவானது. முதல் அடி யாருடையது என்பதில்தான் சண்டை வந்தது. அடிக்கிற வரிசையில்தான் கையெழுத்து விழும், முதல் கையெழுத்துக்குத்தான் மரியாதை.

"தீக்கு அடுத்தபடி சுத்தியலும் எங்க துறைதான்" என்றார் தீயணைப்பு.

"உழைக்கிறவன் கையில இருக்க வேண்டியது சுத்தியல். நீ போய்க் குழாயைப் பிடி" என்றார் சங்கம்.

தீயணைப்பு மைக்கூட்டை எடுத்து வீசினார். சங்கம் நாற்காலியைத் தூக்கினார். சுகாதார இன்ஸ்பெக்டர் சமாதானம் பண்ண எழுந்து, இருவரிடமும் ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். சங்கத்தின் முன்பல் ஒன்று கழன்று பச்சை விரிப்பில் விழுந்தது. ஸ்த்ராவ்கா குனிந்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் எண் எதுவும் இல்லாததால் உரியவரிடமே ஒப்படைத்தாள்.

பால்தொவ் எழுந்து மேஜையைத் தட்டினார். "தோழர்களே, மன்னிக்கணும், கனவான்களே! அழிக்கிறதுல நமக்குள்ள பேதம் வரக் கூடாது. ஆக்குறதுல எவனும் நம்மைத் தேடி வரப்போறதில்ல. நமக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதான். அதனால எல்லாரும் சேர்ந்தே அடிப்போம்."

சுரங்கத்திலிருந்து ஆளுயரத்துக்கும் மேலான ஒரு துளைக்கம்பியைக் கொண்டுவந்து, அதன் முனையில் எட்டுக் கிலோ சம்மட்டியைப் பற்றவைத்தார்கள். ஐந்து பேரும் வரிசையாக நின்று கம்பியை வலது கையால் பிடிக்க வேண்டும், கையெழுத்துப் போடுகிற கை அதுதான் என்பதால். அடி விழுவதற்குள் கையை எடுத்தவர் அழிப்பில் பங்கேற்கவில்லை என்று பொருள், அவர் கையெழுத்து செல்லாது. ஸ்த்ராவ்கா இதை விதியாகவே எழுதிப் பொதுப் பலகையில் ஒட்டினாள்.

புரோதான் கடைசி முறையாகக் கெஞ்சிப் பார்த்தான். "சார், அந்த டிஸ்க்குல இருநூத்திப் பன்னிரண்டு பேரோட வருஷத்துக்கு அசல் இருக்கு."

"நாங்க பதிவை அழிக்கலப்பா" என்றார் பால்தொவ் அன்பாக. "பதிவு எதுமேல இருக்கோ அதைத்தான் அழிக்கிறோம். பதிவு எங்க பொறுப்புல பத்திரமா இருக்கும்."

முற்றத்தில் பட்டறைக்கல் போட்டு அதன்மேல் டிஸ்க்கை வைத்தார்கள். உருளாமல் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டியிருந்தது. தொழில்நுட்ப ஆள் புரோதான்தான் என்பதால் அவனைப் பிடிக்கச் சொன்னார்கள். ஐந்து பேர் ஐந்து விதமாகத் தூக்கிய சம்மட்டி, முதல் அடியில் டிஸ்க்கைத் தவறவிட்டு அவன் இடது கட்டைவிரல்மேல் இறங்கியது. எலும்பு நொறுங்கிய சத்தம் முற்றத்தின் அந்தக் கோடிவரை கேட்டது.

"இது சேராது!" என்று கத்தினாள் ஸ்த்ராவ்கா. "பொருள்மேல படல. முதல் அடின்னு எழுத முடியாது. மறுபடி!"

நான்காவது அடியில் டிஸ்க் பிளந்தது. ஏழாவதில் உள்ளிருந்த கண்ணாடி வட்டத்தகடுகள் தூளாகச் சிதறின. பதினோராவது அடிவரை அடித்தார்கள், அறிக்கையில் பதினோரு அடிக்குக் கட்டம் இருந்தது. 'எண் 4417-ம் அது தங்கியிருந்த பொருளும் அதன்மேல் இருந்த அனைத்தும் மீட்க முடியாதபடி முற்றிலும் அழிக்கப்பட்டன' என்று எழுதி ஐந்து பேரும் கையெழுத்திட்டுவிட்டு, குடல் சூப் ஆறிவிடும் என்று ஓடினார்கள். புரோதான் விரலைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டான். வலியில் கண்ணீர் வந்தாலும் உள்ளே ஒரு நிம்மதி இருந்தது. வருஷங்கள்தான் புதுக் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கின்றனவே.

அந்தச் செய்தி மட்டும் ஊருக்குப் போகவில்லை. போன செய்தி, டிஸ்க்கை உடைத்தபோது பிடித்துக்கொடுத்தவன் புரோதான் என்பது.

ரொட்டிக்கடை வாசலில் அவனைப் பிடித்தார்கள். ஏழு பேர், எல்லாரும் அவனோடு ஒரே ஷிப்டில் இறங்கியவர்கள். முன்னால் நின்றது தெச்கோ முலெதாரொவ். பாறை உடைத்த ஆள், பாறையையும் மனுஷனையும் ஒரே மாதிரி அணுகுகிறவன். அவனுடைய பதினான்கு வருஷம் அந்த டிஸ்க்கில் இருந்தது.

"எங்க வருஷத்தை அடிச்சு நொறுக்கினப்ப கல்லு மாதிரி பிடிச்சுக்கிட்டு இருந்தியாமே? ராசியான கைடா உனக்கு!"

புரோதான் வாயைத் திறந்தான். திறந்த வாயில் முதல் குத்து விழுந்தது. இரண்டாவது வயிற்றில். கீழே விழுந்ததும் பூட்ஸ் கால்கள் முறைவைத்து வந்தன. விலா எலும்பு இரண்டு முறிந்தன. ரொட்டிக்கடைக்காரி உள்ளேயிருந்து, "கண்ணாடியில இடிக்காதீங்க, அந்தப் பக்கமா இழுத்துட்டுப் போய் அடிங்க" என்று கத்தினாள். அவர்கள் மரியாதையாக நாலடி தள்ளி இழுத்துப் போய் அடித்தார்கள்.

தெச்கோ மூச்சு வாங்க நின்றபோதுதான் புரோதானுக்குப் பேசக் கிடைத்தது.

"புதுக் கம்ப்யூட்டர்ல இருக்குடா" என்றான், ரத்தத்தைத் துப்பிவிட்டு. "எல்லாத்தையும் முன்னாடியே எடுத்து வச்சிட்டேன். உன் பதினாலும் இருக்கு."

ஏழு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஏண்டா இதை மொதல்லயே சொல்லல?"

"வாயிலயே குத்திக்கிட்டிருந்தா எதால சொல்றது?"

தெச்கோ அவனைக் குழந்தை மாதிரி தூக்கி நிறுத்தி, சட்டையைத் தட்டிவிட்டு, எதிர்க் கடையில் ராக்கியாச் சாராயம் வாங்கி வாயில் ஊற்றினான். கிழிந்த உதட்டில் அது நெருப்பாக எரிந்தது. பிறகு எல்லாருமாக அவனைத் தாங்கிக்கொண்டு நேரே அலுவலகத்துக்குப் போனார்கள். முப்பத்திரண்டு படியும் அன்றைக்கு அவன் கால் தரையில் படாமலே ஏறினான்.

இயக்குநர் அறையில்தான் புதுக் கம்ப்யூட்டர் இருந்தது. புரோதான் ஒற்றைக் கையால் தட்டினான். கராபெலொவ் புரோதான், எலெக்ட்ரீஷியன், பூமிக்கடியில் ஒன்பது வருஷம் ஏழு மாசம். முலெதாரொவ் தெச்கோ, பதினான்கு வருஷம். தெச்கோவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். தன் பெயரை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தான்.

"இதுல கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார், நாங்க பாட்டுக்குப் போயிடுறோம்" என்றான்.

பால்தொவ் திரையைப் பார்த்தார். பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எதுல? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"இதோ இருக்கு சார்!"

"இருக்க முடியாதுப்பா. யோசிச்சுப் பாருங்க. டிஸ்க்கும் அதுமேல இருந்த எல்லாமும் மீட்க முடியாதபடி அழிஞ்சதுன்னு அஞ்சு பேர் கையெழுத்துப் போட்டிருக்கோம். இது நிஜமான பதிவுன்னா நாங்க அழிச்சது அரைகுறைன்னு ஆகும். முப்பத்தோரு வருஷ சர்வீஸ்ல நான் எதையும் அரைகுறையா அழிச்சதில்ல. தெரியுமா? பாலர் பள்ளியை அழிச்சோம், ஒரு ஊஞ்சல் மிஞ்சல. கேண்டீனை அழிச்சோம், ஒரு கரண்டி மிஞ்சல. நீங்க பத்து வருஷம் சுரங்கத்துல இருந்தீங்களா, இருபது வருஷம் இருந்தீங்களான்னு எனக்குத் தெரியாமலா இருக்கு? தினம் காலையில இந்த ஜன்னல்ல நின்னு காபி குடிச்சுக்கிட்டே நீங்க இறங்குறதைப் பாத்தவன் நான். ஆனா பாத்தது சாட்சி ஆகாது, கையெழுத்துதான் சாட்சி. அதனால இது போலி. போலியை என்ன செய்யணும், ஸ்த்ராவ்கா?"

"அழிக்கணும் சார். புதுக் கம்ப்யூட்டர், எண் 5102. வியாழக்கிழமை பதினொரு மணி."

தெச்கோ அப்போதே கை ஓங்கியிருப்பான். புரோதான்தான் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். மேலிடத்துக்கு எழுதிப் பார்ப்போம் என்றான். எழுதினான், மூன்று மனு. மூன்றும் தக்க நடவடிக்கைக்காகப் பால்தொவிடமே வந்து சேர்ந்தன.

வியாழன் காலை முற்றத்தில் இருநூறு பேருக்குக் குறையாமல் நின்றார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று அறிவிப்பு இருந்தது. வேலி 1999-இல் முறைப்படி அழிக்கப்பட்டுவிட்டதால் அவர்கள் எங்கே நிற்பது என்று தெரியாமல் எங்கும் நின்றார்கள். பட்டறைக்கல்லின் மேல் புதுக் கம்ப்யூட்டர் இருந்தது. புரோதான் போய் அதன்மேல் படுத்துக்கொண்டான். மூச்சு இழுத்தது, முறிந்த விலா ஒவ்வொரு மூச்சுக்கும் குத்தியது. இவர்களுக்குக் கொடுத்த ஒன்பது வருஷத்தை இவர்களே இல்லை என்று சொல்லிவிட்ட பிறகு எழுந்து நின்றுதான் என்ன ஆகப்போகிறது என்று அவனுக்கு இருந்தது. அவனுக்குக் கோபம்கூட வரவில்லை, அவமானமாக இருந்தது.

ஐந்து பேரும் சுவரோரமாக வரிசையில் நின்று கம்பியைத் தூக்கினார்கள்.

"இவன்மேல எண் இருக்கா?" என்று கேட்டார் சுகாதார இன்ஸ்பெக்டர்.

"இல்ல" என்றாள் ஸ்த்ராவ்கா.

"அப்ப அவனை நகர்த்த நமக்கு அதிகாரம் இல்லையே?"

"நகர்த்த வேண்டாம். அடியைப் போடுவோம். நடுவுல என்ன வருதோ அது நம்ம பொறுப்பு இல்ல" என்றார் பால்தொவ். "ஒண்ணு, ரெண்டு..."

மூன்று சொல்வதற்குள் தெச்கோ குறுக்கே வந்து கம்பியின் நடுவில் இரண்டு கையையும் வைத்தான். பின்னாலேயே இன்னும் பத்துப் பேர் வந்து வைத்தார்கள். ஒரு காலத்தில் தண்டவாளத்தை விட்டு இறங்கிய வண்டிகளைத் தள்ளி ஏற்றிய ஆட்கள். சத்தமே போடாமல் அதே மாதிரி தள்ளினார்கள். கம்பி பின்னோக்கிப் போனது. சுவருக்கும் கம்பிக்கும் நடுவில் ஐந்து வலது கைகள் இருந்தன.

"விட்ருவோம் சார்!" என்று அலறினார் தீயணைப்பு.

"யாரும் கையை எடுக்காதீங்க!" என்று கத்தினார் பால்தொவ். "எடுத்தா கையெழுத்து செல்லாது!"

யாரும் எடுக்கவில்லை. பழக்கம் அப்படி. கருங்கல் சுவரில் கம்பி போய் ஒட்டியபோது ஐந்து கைகளும் ஒன்றன்பின் ஒன்றாக முறிந்தன. ஸ்த்ராவ்காவின் கை கடைசியாக முறிந்தது. அவள் அந்த வேதனையிலும் மணி பதினொன்று நாலு என்று குறித்துக்கொள்ளச் சொன்னாள். குறிக்கத்தான் கை இல்லை.

அன்றைக்கு அறிக்கை எழுதப்படவில்லை, ஆகவே புதுக் கம்ப்யூட்டர் சாகவில்லை. தெச்கோவைச் சார்ஜெண்ட் பிடித்துக்கொண்டு போய் முறைப்படி நாலு போட்டார். ஆனால் அடிபட்டவர் புகாரில் கையெழுத்துப் போட வேண்டும். ஐவரில் ஒருவராலும் பேனாவைப் பிடிக்க முடியவில்லை. சாயங்காலம் வீங்கிய கன்னத்தோடு அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மூன்று வாரம் கழித்து தலைநகர் சோஃபியாவிலிருந்து அமைச்சகத்தின் துணைச் செயலர் வந்தார். தோல் பை, சொந்தப் பேனா, உள்ளங்கை அளவு முத்திரை. மருத்துவக் குழு ஏற்கெனவே கூடி முடிவெடுத்திருந்தது: ஐந்து அதிகாரிகளும் பணியின்போது கனரகச் சுரங்கக் கருவியால் ஊனமுற்றவர்கள். ஆகவே அவர்கள் வேலை முதல் வகை ஆபத்து வேலை, பூமிக்கடியில் இறங்கியதற்குச் சமம். உடனடி ஓய்வு, மலைமேல் ஆஸ்பத்திரியில் ஐந்து படுக்கை. அந்த ஐவரின் பணிக்காலமும் புதுக் கம்ப்யூட்டரில்தான் இருந்தது என்பதால், அதில் இருப்பதெல்லாம் அசல் பதிவே என்று அமைச்சகம் ஒரே நாளில் உத்தரவும் போட்டுவிட்டது.

சான்றிதழை அச்சடிக்கப் புரோதானைக் கூப்பிட்டார்கள். வேறு யாருக்கும் அந்தக் கம்ப்யூட்டரை ஓட்டத் தெரியாது. படியில் இரண்டு இடத்தில் நின்று இருமி, ஏறி வந்து, ஐந்து தாளை எடுத்துக் கொடுத்தான். துணைச் செயலர் அழகாக ஐந்து கையெழுத்துப் போட்டார். ஆறாவதாக ஒரு தாள் வந்ததும் பேனாவை நிறுத்தினார்.

"இது யாரு, கராபெலொவ்?"

"நான்தான் சார். ஒன்பது வருஷம் ஏழு மாசம்."

"பதிவு சரியா இருக்கு. ஆனா இதுல உள்ளூர் இயக்குநர்தான் கையெழுத்துப் போடணும்."

"அவருக்குத்தான் இப்ப நீங்க ஓய்வு குடுத்திட்டீங்களே?"

"புது இயக்குநர் வருவார்."

"எப்ப சார்?"

"பழையவர் பொறுப்பை ஒப்படைச்சுக் கையெழுத்துப் போட்டதும். அவர் கைதான் பாவம் இப்படி ஆயிடுச்சே."

புரோதான் தன் இடது கையை மேஜைமேல் வைத்தான். கட்டைவிரல் கறுத்து வேறு பக்கம் திரும்பி நின்றது. "அதே சம்மட்டி சார். எனக்கும் அதே முற்றத்துலதான் பட்டது."

துணைச் செயலர் பரிதாபத்தோடு பார்த்தார். "நீங்க கமிட்டி உறுப்பினரா?"

"இல்ல. பிடிச்சுக்கிட்டிருந்தேன்."

"அப்ப இது தனிப்பட்ட காயம்" என்று சொல்லி, தாளை அவன் பக்கமாகத் தள்ளிவிட்டுப் பேனாவை மூடப்போனார்.

புரோதான் அந்தப் பேனாவைப் பார்த்தான், பேனாவைப் பிடித்த கையைப் பார்த்தான். வெள்ளையான, மெத்தென்ற, முழுசான வலது கை. துணைச் செயலர் அவன் பார்வை போன இடத்தைக் கவனித்தார். நடைவழியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. தெச்கோவும் இன்னும் சிலரும் அறைக்குள் வந்து கதவருகே நின்றார்கள், ஒருவன் தொப்பியைக்கூடக் கழற்றியிருந்தான். துணைச் செயலர் மெதுவாகக் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

புரோதான் எழுந்து போய்க் கதவை உட்பக்கம் தாழிட்டான். அச்சுப்பொறியில் கட்டுக் காகிதத்தை வைத்து, பட்டியல் முழுவதையும் தேர்ந்தெடுத்து, பட்டனைத் தட்டினான். முதல் தாள் சூடாக வெளியே வந்தது. அதை எடுத்து மேஜையில் நேராக வைத்து, பேனாவின் மூடியைத் தானே கழற்றிக் கொடுத்தான்.

"கையை வெளிய எடுங்க சார்" என்றான் பணிவாக. "இருநூத்திப் பன்னிரண்டும் முடியற வரைக்கும் அதை யாரும் தொட மாட்டாங்க."